தாத்தாவின் பழம்பொருள் கடையை மறுபடி திறப்பது எப்படி? ஜப்பானியக் குடும்பக் கடைக்கு ஒரு முழு வழிகாட்டி

கியோட்டோவில், கியோன் வட்டாரத்தை ஒட்டி ஷின்மொன்சென் என்று ஒரு தெரு இருக்கிறது. சியோனின் கோயில் வாசலை நோக்கிப் போகும் வழி. மெய்ஜி காலத்தில் (1868–1912) வெளிநாட்டுப் பயணிகள் வந்து வாங்க ஆரம்பித்ததிலிருந்து பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு. அங்கே தாத்தா தொடங்கி, அப்பா அரைமனதாக நடத்தி, இப்போது கதவு சாத்திக் கிடக்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேரப்பிள்ளை நீங்கள். கடை கற்பனைதான். ஆனால் அதைத் திறப்பதற்குள் குறுக்கே வரும் சட்டமும் தொழில் வழக்கமும் நிஜம்.

இப்படி ஒரு கடை கைக்கு வந்ததும் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: சுவருக்கு வெள்ளை அடிப்பது, பாதிச் சரக்கை ஒழித்துக்கட்டுவது, மீதியை அழகாகப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுவது. தயவுசெய்து வேண்டாம். பொருளின் விலையில் பெரும்பங்கு அதைப் பற்றிய தகவலில் இருக்கிறது. அந்தத் தகவல் பெட்டி மூடியிலும் கசங்கிய துணியிலும் யாருக்கும் புரியாத விலைச்சீட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கினால் முதலில் போவது அதுதான். அதனால் முதலில் காகித வேலை, அப்புறம் கடையை உட்கார்ந்து வாசிப்பது, விற்பனை கடைசியில். முதல் வருஷம் லாபம் பார்க்க வேண்டும் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள்.

உரிமம் தாத்தாவோடு போய்விடும்

ஜப்பானில் பழைய பொருளை வாங்கி விற்பதற்கு 1949ஆம் ஆண்டின் பழம்பொருள் வியாபாரச் சட்டப்படி உரிமம் வேண்டும். திருட்டுச் சரக்கு கைமாறுவதைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம். அதனால் மனு கொடுக்க வேண்டிய இடம் காவல் நிலையம். உரிமம் வழங்குவது மாகாணத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணையம்.

இந்த உரிமம் ஆளுக்குக் கொடுப்பது, வாரிசுக்கு வராது. உரிமையாளர் காலமானால் அவருடைய உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக வாங்க வேண்டும். கட்டணம் 19,000 யென். மனுவைத் தள்ளிவிட்டாலும் பணம் திரும்பாது. ஏறக்குறைய 40 நாள் ஆகும். பொருள்களை 13 வகையாகப் பிரித்திருப்பார்கள். தாத்தா கலைப்பொருளுக்கு மட்டும் எடுத்திருக்கலாம். நீங்கள் கிமோனோவும் விற்கப்போகிறீர்கள் என்றால் துணிமணியையும் சேர்த்துக் கேளுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை வாங்கி விற்கும் வேலையே கூடாது. பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம்.

அப்பா உயிரோடுதான் இருக்கிறார், உரிமமும் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 2018இல் சட்டத்தைத் திருத்தி, மாகாணத்துக்கு ஒன்று என்றிருந்த உரிமத்தை நாடு முழுக்க ஒன்றாக்கினார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே தலைமைக் கடை எது என்று காவல் நிலையத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காதவர்களின் உரிமம் அன்றோடு காலாவதி. சுவரில் மாட்டியிருக்கும் நீல உரிமப் பலகையை நம்பாதீர்கள். அந்தப் பலகைக்கும் ஓர் அளவு உண்டு: 8 சென்டிமீட்டர் உயரம், 16 சென்டிமீட்டர் அகலம், கருநீலத்தில் வெள்ளை எழுத்து. அதில் உரிமையாளர் பெயர் இருக்கும் என்பதால் தாத்தாவின் பலகையை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், மாட்டக் கூடாது.

உரிமம் வாங்கிவிட்டு, கடையை ஆற அமர மெல்லத் திறக்கலாம் என்றும் இருக்க முடியாது. 6 மாதம் வியாபாரம் நடக்காவிட்டால் உரிமத்தை ரத்து செய்ய இடமிருக்கிறது. கணக்குப் போட்டு மனுச் செய்யுங்கள்.

மூன்று, நான்கு, பத்து

வாரிசுரிமையில் இந்த மூன்று எண்களை மறக்கக் கூடாது. கடன் அதிகம், சொத்தே வேண்டாம் என்றால் மறுப்புத் தெரிவிக்க 3 மாதம். இறந்தவரின் அந்த ஆண்டு வருமானக் கணக்கைத் தாக்கல் செய்ய 4 மாதம். வாரிசு வரிக்கு 10 மாதம். வாரிசு வரியில் 3 கோடி யென்னும், வாரிசு ஒருவருக்கு 60 லட்சம் யென்னும் விலக்கு. இரண்டு பேர் என்றால் 4.2 கோடி வரை வரி இல்லை. கடைச் சரக்கையும் சொத்தில் சேர்த்து மதிப்பிடுவார்கள் என்பதால் இருப்புக் கணக்கைத் தள்ளிப்போட வழியில்லை. மற்றதை வரி ஆலோசகரிடம் விட்டுவிடுங்கள். அந்தக் காசு மிச்சம் பிடிக்கும் காசு இல்லை.

துடைக்காதீர்கள், கழுவாதீர்கள்

இருப்புக் கணக்கு எடுப்பதுதான் இந்த வேலையிலேயே நீளமானது, சுவையானதும் அதுதான். ஒரு நோட்டுப் புத்தகம், கேமரா, பென்சில் போதும். பொருள் இருந்த இடத்திலேயே முதல் படம், பெட்டியோடு இரண்டாவது, திறந்து மூன்றாவது, அடிப்பாகம் நான்காவது. பீங்கானிலும் மண்பாண்டத்திலும் அடிவட்டத்தைக் கோதாய் என்பார்கள். மேலே மெருகு பூசி ஏமாற்றலாம், அடிவட்டத்தில் தெரியும் மண்ணை மறைப்பது கஷ்டம். அதனால்தான் விவரம் தெரிந்தவர் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பார்க்கிறார்.

நல்ல பொருள் எல்லாம் பவுலோனியா மரப் பெட்டியில் இருக்கும். ஜப்பானியர் கிரி என்று சொல்லும் இந்த மரம் லேசானது, ஈரத்தை ஓரளவு தாங்கி உள்ளே இருப்பதைக் காக்கும். மூடியில் மையால் எழுதியிருப்பது ஹாகோகாகி, அதாவது பெட்டியெழுத்து. செய்த கலைஞரே எழுதிக் கையெழுத்திட்ட பெட்டி என்றால் தொமோபாகோ. பின்னால் வந்த நிபுணரோ தேநீர்க் கலை ஆசானோ பார்த்துச் சான்று எழுதியிருந்தால் அது வேறு கதை, வேறு விலை. இன்னொரு வகை உண்டு: அவாசேபாகோ. எங்கேயோ கிடைத்த நல்ல பெட்டிக்குள் பொருத்தமாக ஒரு பொருளைத் திணித்து வைப்பது. சிலநேரம் பத்திரமாக வைக்க, பலநேரம் ஏமாற்ற. இதனால் ஒரு கண்டிப்பான விதி: ஒரு நேரத்தில் ஒரே பெட்டியைத் திறங்கள். நான்கைத் திறந்து மேசையில் பரப்பி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து, எது எதில் இருந்தது என்று தலையைச் சொறிந்தால் நீங்களே நான்கு அவாசேபாகோ தயாரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பெட்டியைக் கட்டியிருக்கும் தட்டைக் கயிறு சனடா ஹிமோ. அதன் முடிச்சையும் அவிழ்க்கும் முன் படம் எடுங்கள்.

பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். சாயம் வேறெதுவும் இல்லை, நாம் முகத்துக்கும் குழம்புக்கும் போடும் மஞ்சளேதான். ஜப்பானிய மொழியில் உகோன். பூச்சி அண்டாது என்று பீங்கானையும் சுருள் ஓவியத்தையும் இதில் சுற்றிவைப்பது வழக்கம். மங்கிப்போயிருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். (மஞ்சள் காகிதம் வந்தால்தான் கடை திவால், மஞ்சள் துணி வந்தால் நல்ல சகுனம்.)

தேநீர்த் தூள் வைக்கும் சின்னக் குப்பியின் உறையை இன்னும் கவனமாகப் பாருங்கள். பூ அச்சிட்ட பருத்தித் துணியாக இருந்தால் அது சராசா. டச்சுக் கப்பல்களில் இந்தியாவிலிருந்து போன அச்சுத் துணி. அதில் சோழமண்டலக் கரைச் சரக்குக்குத் தனி இடம். கோடு போட்ட பருத்திக்கு ஜப்பானில் வழங்கிய பெயர் சன்தோமே. ஆமாம், நம்முடைய சாந்தோம்தான். போர்ச்சுக்கீசியர் மயிலாப்பூர்க் குடியேற்றத்துக்கு வைத்த பெயர், அந்தக் கரைத் துணிக்கே பெயராகி, எடோ காலத்து (17–19ஆம் நூற்றாண்டு) வியாபாரிகள் வாயில் சன்தோமேயாக நின்றுவிட்டது. பிற்பாடு ஜப்பானிலேயே அதைப் பார்த்து நெய்தார்கள் என்பதால் உறையில் கோடு இருந்தாலே மயிலாப்பூர் என்று துள்ள வேண்டாம். ஆனால் பழைய இறக்குமதித் துணியாக இருந்துவிட்டால், உறைக்காகவே குப்பியை வாங்குகிறவர்கள் உண்டு. அதைச் சோப்புப் போட்டு அலசிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரும்புக் கெண்டியின் உள்ளே படிந்ததைச் சுரண்டக் கூடாது. வெண்கலத்தில் ஏறிய பச்சையைத் தேய்க்கக் கூடாது. அரக்குப் பொருளை வெயிலில் வைக்கக் கூடாது. சுருள் ஓவியங்களை மட்டும் ஈரமில்லாத இலையுதிர்கால நாள் ஒன்றில் விரித்துக் காற்றாட விடலாம். முஷிபோஷி என்று ஆண்டுதோறும் செய்வதுதான்.

விலைச்சீட்டில் இருக்கும் கிறுக்கல்

ஒவ்வொரு பொருளிலும் ஒரு சின்னச் சீட்டு தொங்கும். ஒரு பக்கம் விற்கும் விலை எண்ணில் இருக்கலாம். மறுபக்கம் இரண்டு மூன்று எழுத்து, படித்தால் பொருளே இராது. அதுதான் ஃபுச்சோ, கடையின் குழூஉக்குறி. வாங்கிய விலையை வாடிக்கையாளர் எதிரிலேயே எழுதிவைக்க ஒரு வழி. ஒவ்வொரு கடையும் எழுத்து திரும்ப வராத ஒரு சொல்லையோ தொடரையோ எடுத்து, எழுத்துக்கு ஓர் எண் என்று வரிசையாகக் கொடுத்துக்கொள்ளும்.

தமிழில் செய்து பார்த்தால் சட்டென்று புரியும். திருமலைநாயக்கர் என்பதில் ஒன்பது எழுத்து, ஒன்றும் திரும்ப வரவில்லை. தி என்றால் 1, ரு 2, ம 3, லை 4, நா 5, ய 6, க் 7, க 8, ர் 9. சீட்டில் "மநா" என்று இருந்தால் 35. ஆயிரமா பத்தாயிரமா என்பது பொருளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 48 என்றால் "லைக".

தாத்தா அந்தச் சொல்லை அப்பாவிடம் சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் போயிருந்தால் பழைய பேரேட்டை எடுங்கள். வாங்கிய பொருளையும் யாரிடம் வாங்கியது என்பதையும் எழுதிவைக்கச் சட்டமே சொல்கிறது, விலையையும் கூடவே எழுதியிருப்பார்கள். வைத்திருக்க வேண்டிய காலம் 3 ஆண்டுதான் என்றாலும் பழைய ஆட்கள் லேசில் எதையும் கிழித்துப் போட மாட்டார்கள். பேரேட்டில் அடையாளம் தெளிவாக இருக்கும் நாலைந்து பொருள்களைத் தேடுங்கள், உதாரணமாக உடைந்த காது கொண்ட ஓர் இமாரிப் பீங்கான் கூஜா. அதன் விலையையும் சீட்டையும் ஒப்பிட்டால் இரண்டு எழுத்து விழும். பத்துப் பொருளில் முழுச் சொல்லும் கைக்கு வந்துவிடும். அப்புறம் கடை மொத்தமும் பேச ஆரம்பிக்கும்: எதில் தாத்தா ஏமாந்தார், எதை அடிமாட்டு விலைக்குப் பிடித்தார், எந்த வருஷத்தில் தாராளமாக வாங்கினார் என்று எல்லாம். 1980களின் கடைசியில் வாங்கிய தேநீர்ச் சடங்குப் பொருள்களில் பெரிய எண்கள் இருந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். அது பொருளாதாரக் குமிழி ஊதிப் பெருத்திருந்த காலம். குமிழி உடைந்த பிறகு அந்த வகைச் சரக்கில் பெரும்பகுதி பழைய விலையைத் திரும்பப் பார்க்கவில்லை. வாங்கிய விலை வந்தால்தான் விற்பேன் என்று உட்கார்ந்தால் உங்கள் பேரப்பிள்ளையும் அதே சீட்டைத்தான் பார்ப்பார்.

கிடங்கில் வாள் இருந்தால்

பழைய கடை என்றால் ஒரு மூலையில் வாள் இருக்கும். கூடவே மாகாணக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச் சான்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கைமாறிய 20 நாளுக்குள் சான்று கொடுத்த மாகாணத்துக்கு உரிமையாளர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாளோடு கிளம்பாதீர்கள். முதலில் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். கண்டெடுத்ததாகப் பதிந்து, கல்வி வாரியத்தின் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பதிவுக் கட்டணம் 6,300 யென்.

தந்தம் அடுத்த தலைவலி. நெட்சுகே எனப்படும் இடுப்புத் தொங்கல் சிற்பங்கள், சுருள் ஓவியத்தின் குமிழ் முனைகள், தேநீர்க் குப்பியின் மூடி என்று எதிர்பாராத இடத்தில் எல்லாம் இருக்கும். தந்தப் பொருளை வியாபாரமாக விற்கத் தனியாகப் பதிவுசெய்த வியாபாரியாக இருக்க வேண்டும். முழுத் தந்தத்துக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு. பயணிகள் ஆசைப்பட்டாலும் அவர்கள் ஊருக்கு எடுத்துப்போக முடியாது. இவற்றைத் தனி அலமாரியில் பூட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

வியாபாரிகள் சந்தை

பழம்பொருள் கடைகளின் நிஜமான போக்குவரத்து வாடிக்கையாளர் கண்ணில் படாது. உரிமம் உள்ளவர்கள் மட்டும் கூடும் சந்தைகளில் நடக்கும் அது. பரிவர்த்தனைக் கூட்டம் என்ற பொருளில் கோகன்காய் என்பார்கள். டோக்கியோ கலை மன்றம் 1907இலும் கியோட்டோ கலை மன்றம் 1908இலும் தொடங்கியவை; இன்றும் இவை வியாபாரிகளின் முக்கியமான கூடுமிடங்கள். இவற்றைத் தவிரச் சின்னச் சின்னச் சந்தைகள் ஏராளம். பெரும்பாலும் உறுப்பினர் ஒருவரின் சிபாரிசு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். தாத்தாவின் பெயர் பலிக்கும் இடம் இது. அவரோடு சந்தைக்குப் போன பழைய நண்பரைத் தேடிப் போய், பலகாரப் பெட்டியோடு கும்பிடு போடுங்கள்.

சில சந்தைகளில் இன்னமும் வான்புசே முறையைப் பார்க்கலாம். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அரக்குக் கிண்ணம். உள்பக்கத்தில் தன் விலையை மையால் எழுதி, கவிழ்த்து, ஏலம் நடத்துகிறவர் முன் சறுக்கிவிடுவார்கள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அதிக விலை எழுதியவர் பெயரைச் சொல்வார். யார் எவ்வளவு எழுதினார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. முதல் ஆறு மாதம் உங்கள் கிண்ணம் காலியாகவே இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் மனதுக்குள் விலை போட்டு, போன விலையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். மெகிகி என்று அவர்கள் கொண்டாடும் அந்தக் கண் வர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் தாத்தாவின் சரக்கில் கொஞ்சம் இங்கே இறக்கலாம். மாதத்துக்கு ஐந்தாறு பொருள் போதும். மொத்தமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், கடை மூடப்போகிறது என்று மணம் பிடித்து விலையை அமுக்குவார்கள்.

புதுச் சரக்கு எங்கிருந்து?

வீடுகளிலிருந்து. 2023ஆம் ஆண்டின் வீட்டுக் கணக்கெடுப்பில் ஜப்பானில் ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் காலி, மொத்தத்தில் 13.8 சதவீதம். ஊர்ப்புறப் பழைய வீடு என்றால் பின்னால் குரா என்ற தடித்த மண்சுவர்க் கிடங்கு நிற்கும். யாரும் கை வைக்காமல் முதன்முறையாக வெளியே வரும் சரக்குக்கு வியாபாரிகள் வைத்த பெயர் உபு. அந்தச் சொல்லைக் கேட்டாலே சந்தையில் கழுத்துகள் திரும்பும்.

வாங்குவதில் கட்டுப்பாடுகள் உண்டு. பொதுமக்களிடமிருந்து வாங்குவது பொதுவாக உங்கள் கடையிலோ அவர்கள் வீட்டிலோதான் நடக்க வேண்டும். காபிக் கடையில் உட்கார்ந்து பேசி முடித்துப் பணம் கொடுத்துப் பொருளை வாங்கிவர முடியாது. அழைப்பில்லாமல் வீட்டு வாசலில் போய் நின்று "பழசு ஏதாவது விற்கிறீர்களா?" என்று கேட்பது 2013 முதல் தடை. 10,000 யென்னும் அதற்கு மேலும் என்றால் விற்பவரின் அடையாளத்தைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். திருட்டுப் பொருளாக இருந்து, திருடுபோன ஓராண்டுக்குள் உரிமையாளர் கேட்டு வந்தால், நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் காசில்லாமல் திருப்பித் தர வேண்டும். 2023 அக்டோபரில் நுகர்வு வரிக்குப் புது இன்வாய்ஸ் முறை வந்த பிறகு இதே பேரேடு வரித்துறைக்கும் ஆதாரம்: தனிநபரிடம் வாங்கிய சரக்கில் நுகர்வு வரியைக் கழித்துக்கொள்ளப் பழம்பொருள் வியாபாரிக்குச் சலுகை உண்டு, ஆனால் பேரேடு சரியாக இருக்க வேண்டும். அதனால் 7 ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.

கதவைத் திறப்பது

இவ்வளவுக்குப் பிறகுதான் இன்ஸ்டாகிராம். சொந்த இணையதளத்திலோ ஏலத் தளத்தின் சொந்தக் கடைப் பக்கத்திலோ விற்றால் அந்த முகவரியைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். படத்தில் அடிவட்டம், பெட்டியெழுத்து, விரிசல் மூன்றும் கட்டாயம். விரிசலை மறைத்து அனுப்பிய ஒரு கிண்ணம் போதும், கடை பேர் நாறிவிடும். முகப்பில் நோரென் திரைத்துணியைப் பழைய கடைப்பெயரோடே தொங்கவிடுங்கள். அந்தப் பெயரைப் பார்த்து, தாத்தாவிடம் வாங்கியதை விற்க வரும் முதியவர்கள்தான் உங்கள் முதல் சரக்கு வழி. கடையில் கூட்டம் சேரும்வரை மாதத்தில் 21ஆம் தேதி தோஜி கோயில் சந்தையிலும் 25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கூ சந்தையிலும் இடம் கிடைக்குமா பாருங்கள். அங்கே விற்பது சின்னச் சாமான்தான் என்றாலும் முகம் பழகும்.

அடுத்த கை

பழைய வழக்கப்படி கடைக்காரர் மகனைச் சொந்தக் கடையில் பழக்க மாட்டார்கள். மூன்று, ஐந்து வருஷம் வேறு வியாபாரியிடம் அனுப்பி, பிறத்தியார் சோறு தின்ன வைப்பார்கள். உங்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தாலும் வாரம் இரண்டு நாள் இன்னொரு கடையில் பெட்டி கட்டப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாரிசு ரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. யமனாக்கா சதாஜிரோ, ஒசாகாவின் யமனாக்கா பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறப்பால் அந்தக் குடும்பத்தவர் இல்லை, வீட்டு மாப்பிள்ளையாகத் தத்தெடுக்கப்பட்டவர். அவர்தான் 1895இல் நியூயார்க்கில் கடை திறந்து, பாஸ்டனுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு கடைகளைக் கைப்பற்றிச் சரக்கை ஏலம் விட்டது தனிக் கதை. வீட்டில் ஆளே இல்லை என்றால் 47 மாகாணங்களிலும் தொழில் கைமாற்ற உதவும் அரசு மையங்கள் இருக்கின்றன.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துவிடுங்கள். கடையை நிறுவனமாகப் பதிந்து உரிமத்தையும் நிறுவனத்தின் பெயரில் வாங்கிவிட்டால், நாளை தலைவர் மாறினாலும் மாற்றத்தைத் தெரிவித்தால் போதும், உரிமம் அப்படியே நீடிக்கும். உங்களுக்கு நேர்ந்த அந்த 40 நாள் காத்திருப்பு அடுத்தவருக்கு இருக்காது.

புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் தாத்தாவின் குறியிலேயே சீட்டு எழுதுங்கள். பழசையும் புதுசையும் ஒரே கண்ணால் ஒப்பிட வசதி. அந்தச் சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, பேரேடு இருக்கும் அலமாரியில் வைக்காமல் வேறு எங்காவது வையுங்கள். எங்கே என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.